பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சத்தான பலகாரம் செய்வோம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் பலர், முதலில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையோ தேனோ வாங்கி வைக்கிறார்கள். உடலுக்கு அவையும் சர்க்கரைதான். அளவைக் குறைக்காமல் வகையை மாற்றிப் பயனில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும். பாசத்தோடு யாராவது நாக்கில் தேன் தடவ வந்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு உணவின் வடிவத்தைக் கவனிக்காமல் விடுவது. முழுத் திராட்சை வழவழப்பானது. சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். அதை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன் வேண்டாம். கொண்டைக்கடலைச் சுண்டல் அருமையான உணவுதான். ஆனால் சின்னவர்களுக்குக் குழைய வேகவைத்து, மசித்து, கட்லெட்டாகத் தட்டிக் கொடுங்கள். எதுவானாலும் உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே மெல்லும்போதுதான் புரையேறும். உடைந்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள். வாயில் போனால் அவையும் மூச்சை அடைக்கும்.

அழைப்பு ஆறு மணிக்கு என்றால் கேக் வெட்ட எட்டாகிவிடுகிறது. பசித்த பிள்ளைகள் அதற்குள் சிப்ஸிலும் ஜூஸிலும் வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்று அட்டையில் போட்டிருந்தால், 200 மில்லி பாக்கெட்டில் 24 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி! வந்தவுடனே மினி இட்லியோ குழிப்பணியாரமோ கொடுத்துவிடுங்கள். குடிக்க நீர்மோர் போதும்.

கண்ணைப் பறிக்கும் நிறத்தில் எதையும் வாங்காதீர்கள். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. சாண்ட்விச்சுக்குக் கெட்டித்தயிரில் மிளகுத்தூள் கலந்து தடவினால் சுவையாகவே இருக்கும்.

ஒவ்வாமை பற்றி விருந்தன்று விசாரிப்பது தாமதம். அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வருகிறதென்றால், அந்தச் சட்னியையே அன்று விட்டுவிடுவது நல்லது. ஒரே கரண்டி இரண்டு சட்னிக்கும் போய்வர எத்தனை நேரமாகும்?