காரின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் கோடு விழுவது ஏன்?

கைப்பிடிக்கு மேலே பளபளக்கும் கார், முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் மங்கி, மெல்லிய கோடுகளோடு இருக்கும். பெயின்ட் மட்டம் என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் கழுவப் பயன்படுத்திய துணியும் பிரஷும்தான் காரணம். மேலே படிவது தூசி. கீழே படிவது சக்கரம் வாரி அடிக்கும் மணல், தார், எண்ணெய்ப் பிசுக்கு. சென்னையில் மெட்ரோ பணி நடக்கும் ஓஎம்ஆர் சாலையிலும் கடற்கரை மணல் ஏறிவரும் ஈசிஆர் சாலையிலும் ஓடும் வண்டிக்கு இது இன்னும் அதிகம். பெயின்ட் மேல் உள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். தலைமுடிப் பருமன்கூட இல்லை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அதைவிட மிகக் கடினம். ஆகவே அழுக்கை எவ்வளவு நன்றாகத் தேய்க்கிறது என்று பார்த்துக் கருவி வாங்காதீர்கள். மணலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் அலசியதும் விட்டுவிடுகிறதா என்று பாருங்கள்.

அந்தக் கணக்கில் முதலில் தோற்பது மஞ்சள் ஸ்பாஞ்ச். அதன் முகம் தட்டை. மணலுக்கு ஒதுங்க இடமில்லாமல் ஸ்பாஞ்சுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே அரைபடும். பனியன் வேஸ்ட், பழைய லுங்கித் துணிக்கும் இதே கதிதான். தையல் ஓரம் இருந்தால் அது தனியாக ஒரு கோடு போடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரில் அரைக்கும் துகள் ஏற்கெனவே உள்ளது, அதைக் காரின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நீளமான மைக்ரோஃபைபர் இழைகள் கொண்ட கையுறை, அதாவது வாஷ் மிட், தான் சரி. கழுவி முடித்த மிட்டைச் சுத்தமான தண்ணீரில் உதறிப் பாருங்கள், பக்கெட்டின் அடியில் கறுப்பு மணல் படியும். அவ்வளவும் இழைக்குள் ஒதுங்கியிருந்தது.

அடுத்த தவறு, ஒரே மிட்டை முழு வண்டிக்கும் ஓட்டுவது. இரண்டு நிறத்தில் இரண்டு வாங்குங்கள். ஒன்று கண்ணாடிக்கும் மேல்பக்கத்துக்கும். மற்றது கதவின் கீழ்ப்பாதி, பம்பர் அடி, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிக்கு மட்டும். சக்கரத்துக்கு இரண்டும் வேண்டாம், அதற்குத் தனி பிரஷ். அப்பார்ட்மென்ட்டில் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்க வருபவர் ஒரு துணி, ஒரு பக்கெட்டோடு பத்து வண்டியை முடிப்பார். அவரைக் குறை சொல்லாமல், உங்கள் வண்டிக்கென இரண்டு மிட்டைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

பக்கெட்டும் இரண்டு. பெயின்ட் வந்த 20 லிட்டர் பக்கெட்டை நன்றாகக் கழுவினால் போதும். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் மிட்டை அலச வெறும் தண்ணீர். அடியில் மணல் தடுப்புத் தட்டு இல்லையென்றால் காய்கறி வடிக்கும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போடலாம். மிட் அடியைத் தொடாது. இதற்குச் செலவழிப்பது விலை உயர்ந்த ஷாம்பூவுக்குச் செலவழிப்பதைவிட மேல்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் தண்ணீர் பாயும் முனையான நாசிலில்தான் தவறுகிறார்கள். ஊசிபோல் பாயும் 0 டிகிரி தாரையும் சுழலும் டர்போ நாசிலும் பெயின்ட்டுக்கும் டயருக்கும் ஆகாது. விசிறிபோல் விரியும் 40 டிகிரி போதும்; 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். பெயின்ட் உரிந்த இடம், ஸ்டிக்கர் ஓரம், பார்க்கிங் சென்சார், கதவு ரப்பர் இவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். வாஷர் இல்லாவிட்டாலும் குறையில்லை. செடிக்கு மருந்து அடிக்கும் 2 லிட்டர் கை ஸ்பிரேயர் புதிதாக ஒன்று வாங்கி, ஷாம்பூ கரைசலைக் கீழ்ப்பக்கம் முழுக்கத் தெளித்து மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, பிறகு ஹோஸில் அடித்துக் கழுவினாலே பாதி மணல் இறங்கிவிடும். மருந்து அடித்த பழைய ஸ்பிரேயர் வேண்டாம். சென்னை வெயிலில் கரைசல் காய்ந்து திட்டாகும், காலை எட்டு மணிக்குள் நிழலில் செய்யுங்கள். ஊறவைக்காமல் மிட்டை வைத்தால் எந்த மிட்டும் காப்பாற்றாது. வைத்த பிறகு அழுத்தாமல், வட்டமாகச் சுற்றாமல், நீளவாக்கில் இழுங்கள். ஒரு கதவுக்கு ஒரு முறை அலசுங்கள். மிட் தரையில் விழுந்தால் அதை அன்றைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

தார்ப்புள்ளிக்குப் பலரும் பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் என்று தேடுவார்கள். மண்ணெண்ணெய் கதவு ரப்பரை உப்பவைக்கும், தின்னர் ரீபெயின்ட் அடித்த இடத்தைக் கரைக்கும். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, துடைத்து, உடனே ஷாம்பூவில் கழுவுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

கடைசித் தண்ணீரும் கருவிதான். வீட்டு ஆர்ஓ தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்துக் கார் கழுவுவது இங்கே வழக்கம். அதில் உள்ளே போன தண்ணீரைவிட உப்பு அதிகம். காய்ந்தால் வெள்ளைத் திட்டு. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் (வீல் ஆர்ச்) சேறு இறக்க அது பரவாயில்லை, கடைசி அலசலுக்கு ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதை ஒரு குடம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். போர் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் காய விடாமல் துடைத்துவிடுங்கள், கீழ்ப்பக்கத்துக்குத் தனித் துணியால்.

எல்லாம் முடிந்தபின் கதவின் அடி விளிம்பையும் சில்லின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள், சிறு ஓட்டைகள் இருக்கும். உள்ளே போன தண்ணீர் வடிய விட்டவை. வேளச்சேரிப் பக்கம் தேங்கிய மழைத் தண்ணீரில் ஓடிய வண்டியில் இவை சேறு ஏறி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளேயே நின்று துரு பிடிக்கும். கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ உள்ளே இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டும். வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை விட்டு மெதுவாகக் குடையுங்கள், சேறு கரைந்து சொட்டும்வரை.