துருக்கிய இனத்தாரின் தொடக்கத்தை மாணவர்க்கு எடுத்துரைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில், கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் துருக்கிய இனங்களைப் பற்றிச் சொல்ல முற்படுவோர் இஸ்தான்புல்லில் தொடங்கவே கூடாது. அது கதையின் பிற்பகுதி. ஆசிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் முதலில் விரலை வையுங்கள்.

552இல் மங்கோலியப் புல்வெளியை ஆண்ட ரூரான் என்னும் நாடோடி மக்களை முறியடித்துப் பூமின் ககான் (ககான் என்றால் பேரரசர்) நிறுவிய கோக்துருக்கிய அரசின் பின்வந்தோர், அங்கே கல்வெட்டுகளை நாட்டினர். 732ஆம் ஆண்டின் குல் தெகின் கல்லில் ஒரு பக்கம் சீன மொழியும் மற்றப் பக்கங்களில் துருக்கிய மொழியும் பொறிக்கப்பட்டுள்ளன; அவ்வெழுத்தை 1893இல் டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் படித்தறிந்தார். சீன உறவுக்கு அந்தக் கல்லே சான்று. மேற்கே நடு ஆசியாவிலிருந்து வந்த சோக்திய வணிகரின் எழுத்தை உய்குர்கள் என்னும் துருக்கிய இனத்தார் ஏற்க, அது அவர்களிடமிருந்து மங்கோலியருக்கும், பின்னர் மஞ்சுக்களுக்கும் சென்றதை ஓர் அம்புக்குறியால் காட்டினால் போதும்.

அடுத்து ஒரு மாஜோங் தாளில் ‘ஐந்து’ என்னும் சொல்லை எழுதுங்கள்: துருக்கி மொழியில் பெஷ், கசாக் மொழியில் பெஸ், சைபீரியாவின் சகா மொழியில் பியெஸ். இத்தனை தொலைவிலும் சொல் அடையாளம் மாறாதிருப்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள். அதன்கீழ் எவ், எவ்லெர், எவ்லெர்தெ என்று துருக்கி மொழிச் சொற்களை எழுதி, எதிரே வீடு, வீடுகள், வீடுகளில் என்று எழுதுங்கள். என் வகுப்பில் இதைக் கண்டதும் ஒரு பையன், “அப்படியென்றால் துருக்கி மொழி தமிழிலிருந்துதான் வந்ததா, சார்?” என்று துள்ளினான். இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் வழக்கம் ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் உண்டு; அமைப்பு ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

மொழி வேறு, குருதி வேறு என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். 1071இல் மன்சிகெர்ட் போரில் செல்ஜூக்குகள் என்னும் துருக்கிய அரச மரபினர் பைசாந்தியப் பேரரசை வென்ற பின், இன்றைய துருக்கி நாட்டின் பெரும்பகுதியான அனதோலியாவில் கிரேக்கமும் ஆர்மேனியமும் பேசியோரில் பலர் பல தலைமுறைகளில் துருக்கி மொழிக்கு மாறினர். நம் லயத்து வீடுகளிலேயே தாத்தா தெலுங்கு பேச, பேரன் தமிழ் மட்டும் பேசுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். கசாக்கியரும் துருக்கியரும் முகத்தோற்றத்தில் வேறுபடுவதன் காரணமும் புரியும்.

சீன வரலாற்று நூல்கள் கூறும் சியோங்னு என்னும் பழைய நாடோடி மக்கள் துருக்கிய மொழியினரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. ஆகவே மற்றப் பெயர்களை மார்க்கரால் எழுதினாலும், அந்தப் பெயரை மட்டும் பென்சிலால் எழுதி அருகில் ஒரு கேள்விக்குறி இடுங்கள்.