‘இ’ சொல்லித்தர ‘இலை’ வேண்டாம்: உயிரொலிகளை வீட்டில் பழக்கும் முறை

சுவரில் மாட்டிய அட்டையைப் பார்த்து ‘அ – அம்மா, ஆ – ஆடு’ என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குழந்தையிடம் ‘ஊ’வை மட்டும் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் மறுபடி அம்மாவில் தொடங்கி, ஓடிவந்துதான் ஊஞ்சலில் நிற்பார்கள். பாட்டு மனப்பாடமாகிவிட்டது, ஒலி இன்னும் காதில் ஏறவில்லை.

நான்கு வயதை ஒட்டித் தொடங்கலாம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். முதல் இரண்டு வாரம் எழுத்தைக் கண்ணில் காட்டவே வேண்டாம்.

முதலில் ஆ, ஈ, ஊ. இந்த மூன்றுக்கும் வாய் போகும் இடம் ஒன்றுக்கொன்று வெகுதூரம், அதனால் குழப்பம் வராது. கண்ணாடி முன் உட்காருங்கள். மோவாய்க்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ‘ஆ’ சொன்னால் தாடை கையை அழுத்துவது தெரியும். ‘ஈ’க்கு உதடு இருபக்கமும் இழுபடும், ‘ஊ’வுக்குக் குவியும். இவை பழகியபின் ஏ, ஓ. ஐ, ஔ இரண்டும் ஓர் ஒலியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிறவை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ‘ஔ’வில் தொடங்கும் சொற்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், அதற்கு அவசரமே இல்லை.

அடுத்தது குறில், நெடில். தொல்காப்பியம், ஒலி நீளும் நேரத்தின் அளவான மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாகச் சொல்கிறது. இன்றும் இதைவிட எளிய கருவி கிடையாது. சின்னக் கைக்குச் சொடக்குப் போட வராது, ஆகவே மேசையில் விரலால் தட்டச் சொல்லுங்கள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, நெடில் என்றதும் குழந்தை கத்துவது. நீட்டுவதையும் உரக்கச் சொல்வதையும் அது ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் கிசுகிசுப்பாகச் சொல்லவைத்தால் சத்தம் விலகி நேரம் மட்டும் நிற்கும்.

தட்டு சரியாக விழுந்ததும் சொல் இணைகளுக்குப் போங்கள்: கல் – கால், பல் – பால், சிட்டு – சீட்டு, முட்டை – மூட்டை, எடு – ஏடு, தொடு – தோடு. படமோ பொருளோ இரண்டை எதிரில் வைத்து, ஒன்றை நீங்கள் சொல்ல, குழந்தை தொட்டுக் காட்டட்டும். பத்தில் எட்டு சரியாக வந்தபின் வேடத்தை மாற்றுங்கள்: அது சொல்லட்டும், நீங்கள் தொடுங்கள். கேட்பது முதல் அசையின் உயிரை மட்டும்தான். ‘ஏடு’ என்பதன் கடைசியில் வரும் உகரம் அரைமாத்திரையாகத் தேய்ந்த குற்றியலுகரம், அதைப் பெரியவர் காதே சரியாகப் பிடிக்காது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘இ’ என்றால் அட்டைகளில் இலை. ஆனால் பேச்சில் அது ‘எலை’. இடம் ‘எடம்’, உடம்பு ‘ஒடம்பு’, குடை ‘கொடை’. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்து, நடுவில் ஒற்றை மெய் மட்டும் இருந்தால் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் பேச்சில் இறங்கிவிடும். குழந்தை ‘எலைக்கு எ’ என்று சொன்னால் தவறு குழந்தையுடையது அல்ல, அதன் காது சரியாகவே வேலை செய்கிறது. பேச்சிலும் ஒலி மாறாத சொற்களை எடுங்கள்: இ-க்கு இஞ்சி, கிளி, உ-வுக்கு உப்பு, துணி. குடை – கூடை இணையையும் இதே காரணத்துக்காகத் தள்ளிப்போடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: ‘எலி’யை ‘யெலி’ என்றும் ‘ஒட்டகம்’ என்பதை ‘வொட்டகம்’ என்றும் நாம் அறியாமலே சொல்கிறோம். ஒலி பழக்கும் அந்தப் பத்து நிமிடமாவது முன்னால் ஒட்டும் யகர வகரத்தை உதறிவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் எழுத்து அட்டை, பிறகு மெய்யோடு சேர்ப்பது. ‘இம்’ என்று பெயர் சொல்லித் தந்தால் ‘இம்’மும் ‘ஆ’வும் சேர்ந்து ‘இம்மா’தான் வரும். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று நீட்டி, நிறுத்தாமல் ‘ஆ’வுக்குத் திறக்கவேண்டும்: ம்ம்ம்ஆ, மா. அதனால் ம், ன், ல், ர் போல் இழுத்துச் சொல்ல முடிகிற மெய்களில் தொடங்குங்கள். க், ப், த் மூன்றும் சட்டென்று அடைபடும் ஒலிகள். நீட்ட முடியாது, பிறகு வரட்டும்.

உயிர்க்குறிகளில் துணைக்கால் (ா) முதலில், அடுத்து ி, ீ. துணைக்காலை ‘ர’ என்று நினைத்து ‘மா’வை ‘மர’ என்று வாசித்தால் இரண்டையும் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

உண்மையான சிக்கல் கொம்பில்தான் (ெ). ‘மெ’யில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, காது முதலில் கேட்பது ‘ம்’மை. ‘ம’ அட்டையை முதலில் நடுவில் வைத்து ‘ம்ம்ம்’ சொல்லுங்கள். அதற்குப் பிறகு கொம்பு அட்டையை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே ‘எ’. கை செய்யும் வரிசை ஒலியின் வரிசையோடு ஒத்துப்போகும். ‘மொ’வுக்கு இருபக்கமும் இரண்டு அட்டைகள், ஒரே நேரத்தில், இரண்டு கையாலும் தள்ளுங்கள். தனித்தனியாகத் தள்ளினால் ‘மெர’ என்றுதான் படிக்கும். வீட்டில் பெரியவர்கள் லை, னை இரண்டையும் பழைய தும்பிக்கை வடிவத்தில் எழுதிக் காட்டினால் குழந்தை திகைக்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வடிவம் மட்டும் இப்போதைக்குப் போதும்.

உகரக் குறி மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் கடைசியில், குழுவாகப் பிரித்து: சு, பு, வு ஒரு நாள், கு, மு, ரு, டு வேறு நாள், து, நு, லு, று இன்னொரு நாள்.

படிக்கிறதா, படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்று தெரிய, பொருளில்லாத சொல் எழுதிக் கொடுங்கள்: மீலா, லேமி, நோரா. ‘மீலா’வை ‘மாலை’ என்று சொன்னால் ஊகம். அப்போது சொல்லை மூடிவிட்டு ‘ம்ம்ம்ஈ’க்குத் திரும்புங்கள்.