காத்து மட்டும் அடித்தால் போதுமா? மெல்ல இறங்கும் டயரில் நாம் செய்யும் தவறுகள்

கடலூரில் கார் வைத்திருப்பவர்களில் பலர் பெட்ரோல் போட முள்ளோடை தாண்டிப் போவார்கள். புதுச்சேரி எல்லைக்குள் விலை குறைவு, அவ்வளவுதான் காரணம். டேங்க் நிரம்பியதும் அங்கேயே காற்றடிக்கும் இடத்தில் வண்டியை ஒதுக்கி, "நாலுக்கும் 33 வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்துவிடுவோம். அவர் நாலு டயரையும் சுற்றி வந்து காசு வாங்கிக்கொள்வார். பின்பக்க இடது டயரில் 27 தான் இருந்தது என்பதை அவர் பார்த்திருப்பார். நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மெல்ல இறங்கும் பஞ்சர் மாதக்கணக்கில் நம்மோடு ஊர் சுற்றுவது இப்படித்தான். அடிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று கேட்காததே பெரிய தவறு. குறையே இல்லாத டயரிலும் மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை தானாகக் குறையும். வெயில் காலம் போய் மார்கழிப் பனி வந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் சுமார் 2 பிஎஸ்ஐ. ஆனால் இதெல்லாம் நாலு டயரிலும் சேர்ந்தே நடக்கும். மற்ற மூன்றும் சரியாக இருக்க, ஒன்று மட்டும் ஒரு வாரத்தில் 3, 4 பிஎஸ்ஐ இறங்கினால் அது கசிகிறது. எந்த டயர், என்ன தேதி, எவ்வளவு என்று செல்போனில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இதில் இன்னொரு சிக்கல், சூடு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும் அளவு, டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டியது. முள்ளோடை போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி 2, 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். கசிகிற டயரும் அங்கே நல்ல பிள்ளையாகத் தெரியும். காற்றை அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் வீட்டு வாசலிலேயே பார்ப்பதுதான் சரி. காலால் டயரை உதைத்துப் பார்ப்பதும், கண்ணால் அளப்பதும் உதவாது. ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் லேசாகப் பிதுங்கித்தான் நிற்கும்.

புதிய கார்களில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு வருகிறது. அது எரிந்ததும் காற்றை அளக்காமல் ரீசெட் பட்டனை அழுத்துவது வேண்டாத வேலை. பல கார்களில் சென்சார் டயருக்குள் இருக்காது. சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் கணக்கிடும். காற்று குறைந்த நிலையில் ரீசெட் செய்தால், அந்தக் குறைந்த அளவையே சரியானது என்று எடுத்துக்கொண்டு விளக்கு அணைந்துவிடும்.

சரி, கசிவு உறுதி. ஆணியைத் தேடுவோம். புயல், வெள்ளம் வந்து போன பிறகு நம் பக்கத் தெருக்களில் தகரக் கூரையின் ஆணியும் திருகும் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. டியூப்லெஸ் டயரில் ஏறிய ஆணி, ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். அதைப் பார்த்ததும் பிளையரால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அங்கேயே டயர் தரை தட்டிவிடும். காற்றை நிரப்பிக்கொண்டு பஞ்சர் கடைக்கே ஓட்டிப் போய்விடுங்கள்.

ஆணி இல்லையென்றால் "ஒண்ணும் இல்ல சார்" என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே விடக்கூடாது. அனுபவமுள்ள பஞ்சர் கடைக்காரர் வால்வு மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துச் சற்று நேரம் பார்ப்பார். படலம் மெல்ல உப்பினால் உள்ளே இருக்கும் பின் போய்விட்டது; மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது. அடுத்து ரிம். தேவனாம்பட்டினம், முதுநகர் என்று கடலை ஒட்டியே வண்டி நிற்கும் ஊர் இது. உப்புக்காற்று இரும்பு ரிம்மில் துருவை ஏற்றும். அலாய் ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளை மாவு மாதிரி பூக்கும். அந்தச் சொரசொரப்பின் வழியே காற்று நூலாகக் கசியும். எத்தனை முறை பஞ்சர் பார்த்தாலும் அகப்படாது. டயரைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சீலர் தடவி மாட்டச் சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும்போது விளிம்பையும் வால்வின் அடியையும் சேர்த்து நனையுங்கள். தரையில் அழுந்தியிருக்கும் பகுதி தெரிய வண்டியை அரைச் சுற்று நகர்த்துங்கள். பொறுமை வேண்டும், குமிழி உடனே வராது.

சைடு வாலில், அதாவது டயரின் பக்கவாட்டுச் சுவரில், ஓட்டை என்றால் ஒட்டு போடவே கூடாது, டயரை மாற்ற வேண்டியதுதான். "ரெண்டு ஸ்ட்ரிப் சொருகுறேன், ஓடும்" என்பார்கள். ஊருக்குள் ஓடும்தான், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 90-ல் போகும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. தரையில் படும் பகுதியில் சின்ன ஓட்டைக்கு வெளியிலிருந்து சொருகும் ஸ்ட்ரிப் அவசரத்துக்குச் சரி. நீண்ட நாள் ஓட வேண்டுமானால் டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் போடுவது நல்லது. உள்ளே சென்சார் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். டயரைப் பிரிக்கும் இயந்திரம் பட்டு உடைந்தால் செலவு டயருக்கு நிகராகப் போகும்.

டயரைக் கழற்றியதும் உள்ளே எட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தால், காற்றில்லாமல் ஓட்டியதில் சைடு வால் மடங்கி மடங்கி நைந்துவிட்டது என்று பொருள். ஓட்டை ஊசிமுனை அளவே இருந்தாலும் அந்த டயர் இனி ஆகாது.

ஸ்டெப்னியையும் யாரும் பார்ப்பதில்லை. டிக்கியில் சாமான்களுக்கு அடியில் கிடக்கும் அதற்கும் மாதத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ குறைந்துகொண்டேதான் இருக்கிறது. அடுத்த முறை காற்றடிக்கும்போது டிக்கியையும் திறந்து, அதில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.