பாறைக்குள்ள தண்ணி எவ்வளவு, எரிவாயு எவ்வளவு?

வழுதூர் மின் நிலையம் நம்ம ராமநாதபுரம் வட்டாரத்து எரிவாயுவுலதான் ஓடுது. அந்த வாயு பூமிக்கடியில குளமா தேங்கிக் கிடக்கல; பாறையின் நுண்துளைகள்ல உப்புத்தண்ணியோட இடத்தைப் பங்குபோட்டு இருக்கு. துளையில தண்ணி பிடிச்ச பங்குதான் நீர்ச்செறிவு. மிச்சம் வாயு.

உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், வாயு கடத்தாது. இதை வெச்சு நீர்ச்செறிவைக் கணக்கிட, ஆர்ச்சிங்கிற அமெரிக்க எண்ணெய்த்துறைப் பொறியாளர் 1942-ல சமன்பாடு போட்டார். களிமண் இல்லாத மணற்பாறைன்னா, துளைப்பங்கு (பாறையின் மொத்தக் கன அளவுல துளைகள் பிடிச்ச பங்கு) 0.20-ஐ வர்க்கப்படுத்துங்க: 0.04. லாக்ல (கிணத்துக்குள்ள கருவி இறக்கி எடுக்குற பதிவுல) தெரியுற பாறையின் மின்தடை 40 ஓம்-மீட்டரால பெருக்குங்க: 1.6. தண்ணியின் மின்தடை 0.1-ஐ இதால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.25. தண்ணி 25%, வாயு 75%.

பசங்க சறுக்குறது அந்த 0.1-லதான். நம்ம கடற்கரையிலேயே ஒரு ஊத்து இனிக்கும், பக்கத்து ஊத்து கரிக்கும். ஆழத்துலயும் உப்பு குறைஞ்ச தண்ணி மின்தடையைக் கூட்டி, வாயுன்னு நம்ப வெச்சிரும். அதனால அந்த அடுக்குத் தண்ணி மாதிரியையே சோதிச்சு எண்ணை எடுங்க.

களிமண் கலந்த பாறையில கதை தலைகீழ். களிமண்ணும் மின்சாரம் கடத்தும். வாயு இருந்தும் தண்ணி கூடுதலாக் காட்டும். அங்க ஆர்ச்சியை ஓரங்கட்டிட்டு களிமண் கடத்துறதையும் கணக்குல சேர்க்குற சைமண்டோ சமன்பாட்டை எடுங்க.