சிப்பிக் காளான்: படுக்கை கட்டும் நாளில் நடக்கும் தவறுகள்

காளான் வரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குபவர் வித்து (காளான் இழை படரவிட்ட தானியம்) விற்றவர்தான். ஆனால் படுக்கையை, அதாவது வைக்கோலும் வித்தும் அடைத்த பையை, பிரித்துப் பார்த்தால் புளித்த வாடை அடிக்கும், அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருக்கும். அது வித்தின் குற்றமில்லை, ஈரத்தின் குற்றம்.

வைக்கோல் அந்தப் பருவத்தில் அறுத்ததாக, பொன்னிறமாக, மழையில் நனையாததாக இருக்க வேண்டும். கறுத்த வைக்கோலில் வேறு பூசணங்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, 4–5 மணி நேரம் ஊறவைத்து, பிறகு கொதிநீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். வெந்ததை எடுத்து அப்படியே பையில் திணிப்பதுதான் பெரிய தவறு. சுத்தமான தார்ப்பாயில் பரப்பி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். கையில் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டு விழக்கூடாது. ஏறக்குறைய 65 சதவீத ஈரம் என்பது இதுதான். தண்ணீர் மிஞ்சினால் வைக்கோலின் இடைவெளிகளில் காற்று இருக்காது. காற்றில்லாத இடத்தில் காளான் இழை படராது, பாக்டீரியா படரும். சூடு ஆறாமல் வித்துப் போட்டாலும் இழை செத்துவிடும்.

60×30 செ.மீ. பையில் ஐந்து அடுக்கு வைக்கோல், இடையிடையே வித்து. 300 கிராம் வித்து இரண்டு படுக்கைகளுக்குப் போதும். வித்தை நடுவில் குவிக்காமல் ஓரத்தையொட்டித் தூவுங்கள், பையில் போடும் துளை வழியே காற்று வருவது அங்கேதான். வித்து வெள்ளையாக, பஞ்சுபோல் படர்ந்திருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும், 'அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிடலாம்' என்று நினைக்காதீர்கள்.

இழை படரும் 15–20 நாட்களுக்குப் பைமேல் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. பச்சைப் பூசணம் பிடித்த பையைக் காளான் வளர்க்கும் குடிலுக்குள் வைத்துத் திறப்பவர்கள் உண்டு. பூசணத்தின் வித்துத்தூள் (ஸ்போர்) பறந்து மற்றப் பைகளுக்கும் போய்விடும். மூடியபடியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். கறுத்து மையாய்க் கரையும் மெல்லிய குடைக்காளான் முளைத்தால் ஈரம் மிகுதி என்று பொருள். அது விளைச்சல் இல்லை, சமைக்கவும் கூடாது.

மொட்டு வந்ததும் குழாய் வைத்து நேராக அடித்தால் மொட்டு மஞ்சளாகி அழுகும். சுவரில் தொங்கும் கோணிப்பையையும் மணல் தரையையும் நனைத்து, 80 சதவீதக் காற்று ஈரத்தைக் காப்பதே முறை. காம்பு நீண்டு குடை சிறுத்தால் கரியமிலவாயு தேங்கியிருக்கிறது, காற்று வழியைத் திறந்துவிடுங்கள். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிட வேண்டும். தாமதித்தால் உதிரும் வித்துத்தூள் மூச்சில் ஏறி இருமலைக் கிளப்பும்.

சமவெளியில் ஏப்ரல், மே வெயிலில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டுவது வீண். 30–35 டிகிரி தாங்கும் பால் காளான் அந்த மாதங்களுக்கு ஏற்றது. ஆனால் அதற்கு வேகவைத்த மண்ணால் மேல்மூடாக்கு போட வேண்டும். அதை விட்டுவிட்டு, மொட்டே வரவில்லை என்று காத்திருப்பவர்கள் ஏராளம்.

அறுவடை முடிந்த படுக்கை வாழைக்கும் கத்தரிக்கும் நல்ல மூடாக்கு, மண்புழுவுக்கும் தீனி. பாலித்தீனை உரித்துவிட்டுப் போடுங்கள். குடிலின் வாசலில் மட்டும் குவிக்க வேண்டாம்: காளான் ஈ அதில் பெருகி, அடுத்த படுக்கைக்குள் முட்டையிட வந்துவிடும்.