சாரல் ஊரில் ஒரு கைப்புத்தகம்: லினோ அச்சும் ஐந்து துளைத் தையலும்

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் ஆனி ஆடியில் வீட்டுக்குள் இருக்கும் காகிதக் கட்டைத் தொட்டுப் பாருங்கள். வாங்கிய அன்று விறைப்பாக இருந்த தாள் நாலே நாளில் துவண்டு கிடக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றின் ஈரத்தை அது குடித்துவிடுகிறது. கைப்புத்தகம் செய்யப் புதிதாக வருகிறவர்கள் செதுக்குவதிலும் தைப்பதிலும்தான் கவனம் வைக்கிறார்கள். ஆனால் புத்தகம் கெடுவது பெரும்பாலும் காகிதத்தால். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

செய்யப்போவது 20 பக்கப் புத்தகம். உயரம் 9 அங்குலம், அகலம் ஐந்தே முக்கால் அங்குலம். உள்ளே ஐந்து லினோ அச்சுகள் (லினோலியம் விரிப்புத் துண்டில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றியெடுக்கும் படங்கள்), மேலே ஒரு தடித்த உறை. செதுக்கி அச்சிட இரண்டு நாள், மை காய ஒரு வாரம், தைக்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம்

டெமி அளவு (18 × 23 அங்குலம்) மேப்லித்தோ தாள் (பளபளப்புப் பூச்சு இல்லாத அச்சுத் தாள்), 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), இரண்டு போதும். கையால் தேய்த்து அச்சிடுவதால் தடிமனான தாள் வேண்டாம். 200 ஜிஎஸ்எம் கைக்காகிதம் பார்க்க அழகு, ஆனால் தேய்க்கும் மரக்கரண்டியால் எவ்வளவு அழுத்தினாலும் மை முழுதாக ஏறாது.

ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. இதுதான் இழை ஓட்டம். ஈரம் பட்டால் நார் நீளாது, பருக்கும். அதனால் தாள் இழைக்குக் குறுக்கேதான் விரியும். புத்தகத்தின் மடிப்பு இழையோடு இணையாக இருந்தால் அந்த விரிவு திறந்த ஓரத்துப் பக்கம் போய்விடும், யாருக்கும் தெரியாது. மடிப்புக்குக் குறுக்கே இழை ஓடினால் முதுகோரத்தில் தாள் அலையலையாக நெளியும், மடிப்பு வெடிக்கும், பக்கம் படியாமல் விறைத்து நிற்கும். சாரல் ஊரில் இது ஒரே மழைக்காலத்தில் வெளிப்பட்டுவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: தாளின் ஓரத்தில் உள்ளங்கை அளவுச் சதுரம் வெட்டுங்கள். பெரிய தாளிலும் துண்டிலும் ஒரே திசையில் பென்சில் கோடு போட்ட பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் எது எந்தப் பக்கம் என்று குழம்பும். துண்டின் ஒரு முகத்தை மட்டும் தண்ணீரால் துடையுங்கள். அது குழாய்போலச் சுருளும். குழாய் நீளும் திசைதான் இழையின் திசை.

இழை 18 அங்குலப் பக்கத்தோடு ஓடினால் தாளை நாலாக வெட்டுங்கள். 9 × 11½ துண்டு கிடைக்கும், நடுவில் மடித்தால் நம் அளவு. இழை 23 அங்குலப் பக்கத்தோடு ஓடினால் 23-ஐ மூன்றாகவும் 18-ஐ இரண்டாகவும் வெட்டி, ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்தில் பைக்குள் அடங்கும் புத்தகம் செய்யலாம். பயணத்துக்கு அதுதான் வசதி. கீழே சொல்லும் அளவுகள் 9 அங்குல உயரத்துக்கு.

எந்தப் பக்கத்தில் எது

இரண்டு தாளில் எட்டுத் துண்டு. ஐந்து புத்தகத்துக்கு, மூன்று சோதனைக்கு. ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் செருகி, ஓரத்தில் பென்சிலால் 1 முதல் 20 வரை எண் போடுங்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு முகத்தில் அருகருகே வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 21.

படங்களை 3, 7, 11, 15, 19 ஆகிய பக்கங்களில் வையுங்கள். இப்படி வைத்தால் ஒரு தாளுக்கு ஒரே படம்தான் வரும், எல்லாமே முகத்தின் வலப்பாதியில் விழும். ஒரு அச்சு பிசகினால் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும். படத்தின் பின்பக்கத்தில் கரண்டித் தடம் தெரியும், அங்கே இன்னொரு படம் போட ஆசைப்படாதீர்கள்.

லினோ

தரைவிரிப்புக் கடையில் லினோ என்று கேட்டால் பெரும்பாலும் பிவிசி விரிப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். நிஜ லினோவின் பின்புறம் சணல் துணி இருக்கும், மோந்தால் ஆளி விதை எண்ணெய் மணக்கும். ஓவியப் பொருள் கடைகளில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும். 4 × 5 அங்குலத் துண்டு இந்தப் பக்க அளவுக்குச் சரி. குளிர்ந்த லினோ உடைந்து உடைந்து வரும். பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகும். வெயிலே இல்லாத நாளில் மேலே செய்தித்தாள் போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிவிசியிலோ ரப்பர் பிளாக்கிலோ இதைச் செய்யக் கூடாது, உருகிவிடும்.

படத்துக்கு வெளிச்சமும் நிழலும் தெளிவாகப் பிரிந்த காட்சியைத் தேர்ந்தெடுங்கள். செங்கோட்டை–புனலூர் ரயிலில் போகும்போது கழுதுருட்டி அருகே வரும் பதிமூன்று கண் பாலம் தொடக்கக்காரருக்கு ஏற்றது. 1904-இல் திறந்த பாதை அது. கல் வளைவு வெள்ளை, கண் கறுப்பு, வேறு எதுவும் தேவையில்லை. அச்சில் இடம் வலமாகத் திரும்பும் என்பதால், பென்சிலில் வரைந்த தாளை லினோ மேல் கவிழ்த்து வைத்துப் பின்னால் தேயுங்கள். கரி அதில் தானாகவே திரும்பிப் பதியும்.

செதுக்கும்போது நழுவாமல் இருக்க, ஒரு பலகையின் முன் ஓரத்தில் கீழ்ப்புறமும் பின் ஓரத்தில் மேல்புறமும் ஒவ்வொரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து மேசை விளிம்பில் மாட்டுங்கள். கோட்டுக்குச் சின்ன வி வடிவ உளி, வெற்றிடம் எடுக்க அகல யு வடிவ உளி. கனத்தில் பாதிக்கு மேல் இறங்க வேண்டாம். சணல் தெரிந்தால் ஆழம் அதிகம். கோட்டின் இரு புறமும் சரிவாக வெட்டுங்கள். அடிப்பக்கம் குடைந்துவிட்டால் நாலாவது அச்சில் கோடு பெயர்ந்துவிடும். வளைவில் உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள். பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து செதுக்குவதானால் சுழிகள்தான் சோதனை. மூன்று சுழி ண-வின் உள் வெற்றிடம் சிறியதாக இருந்தால் மை அடைத்து, அச்சில் கறுப்புப் பொட்டாக விழும். எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்கட்டும். சுழியின் உள்ளே முதலில் வெட்டி, பிறகு வெளிக்கோட்டுக்கு வாருங்கள். முதலில் வெளியே வெட்டினால் மெலிந்த கோடு தாங்காது.

மையும் அச்சும்

எண்ணெய் மைதான் நல்லது. நீர் மை மழைக்காலத்தில் காய்ந்த பிறகும் ஈரக்கை பட்டால் கரையும். அச்சகத்தில் பயன்படுத்தும் ஆஃப்செட் மை ஒரு சிறு டப்பா இருந்தால் பல புத்தகங்களுக்கு வரும். பிசுபிசுப்பு அதிகமாகித் தாளின் நார் பிய்ந்து வந்தால் ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் கலக்கலாம். அதற்கு மேல் கலந்தால் படத்தைச் சுற்றி மஞ்சள் எண்ணெய் வளையம் படரும்.

நிலக்கடலைப் பருப்பளவு மையைக் கண்ணாடி மேல் வைத்து ரப்பர் ரோலரால் நாலா பக்கமும் உருட்டுங்கள். காது கொடுங்கள். மை அதிகம் என்றால் சப்புச் சப்பென்று ஒட்டும் சத்தம் வரும். சரியான கனத்தில் மெல்லிய சரசரப்பு கேட்கும், பரப்பு பட்டுத்துணிபோல இருக்கும். லினோ மேல் மெல்லியதாக நாலைந்து முறை பூசுங்கள், ஒரே முறையில் தடிமனாக வேண்டாம். தாளை வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் திரும்பப் படியவைத்துத் தேய்க்கலாம், எதிர் மூலையை மட்டும் விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முதல் இரண்டு அச்சு மங்கலாகத்தான் வரும், லினோ மை குடிக்கிறது. அதற்குத்தான் சோதனைத் தாள்கள்.

கொடியில் கிளிப் போட்டு மாட்டி, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். சாரல் நாளில் ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும். விரலால் தொட்டுக் காய்ந்ததென்று நம்பி அடுக்கினால் எதிர்ப்பக்கத்தில் படத்தின் நிழல் ஒட்டிவிடும். ரோலரையும் கண்ணாடியையும் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர். ஆளி விதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

தோட்டத்து உறை

உறைக்கு 250 ஜிஎஸ்எம் தாள், 9 × 11¾ அங்குலம், இழை அதே திசையில். இதில் இலையையே நேரடியாக அச்சிடலாம். எல்லையோரத் தோட்டங்களில் பலா, கமுகு மேலெல்லாம் ஏறியிருக்கும் மிளகுக்கொடியின் இலைக்கு ஈடில்லை. அடியிலிருந்து கிளம்பும் நரம்புகள் வில்லாக வளைந்து நுனியில் கூடும், அடிப்புறத்தில் அவை புடைத்து நிற்கும். ஒரு நாள் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். தட்டையாக வேண்டும், மொறுமொறுப்பாகக் கூடாது. அடிப்புறத்தில் மை உருட்டி, தாள் மேல் கவிழ்த்து, கரண்டி இல்லாமல் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒரு இலை ஐந்தாறு அச்சு தரும், இரண்டாவதும் மூன்றாவதும்தான் நரம்பு நரம்பாக வரும்.

தையல்

எல்லாம் காய்ந்த பிறகு தாள்களை உறைக்குள் செருகி, மடிப்பின் உள்பக்கம் மேலிருந்து 1, 2¾, 4½, 6¼, 8 அங்குலத்தில் குத்தூசியால் ஐந்து துளை. செருப்புத் தைக்கும் மெழுகு நூல் 30 அங்குலம்.

நடுத்துளையில், அதாவது மூன்றாவதில், உள்ளிருந்து வெளியே வாருங்கள். உள்ளே நாலு அங்குல வால் விடுங்கள். இரண்டில் உள்ளே, ஒன்றில் வெளியே, மீண்டும் இரண்டில் உள்ளே. மூன்றைத் தாண்டி நாலில் வெளியே, ஐந்தில் உள்ளே, மீண்டும் நாலில் வெளியே, கடைசியாக மூன்றில் உள்ளே. இரண்டாவது, நாலாவது துளைகளில் இருமுறை போகும்போது ஊசி முந்தைய நூலைத் துளைத்துவிடக் கூடாது. துளைத்தால் பிறகு இறுக்க முடியாது. நூலை முதுகின் நீளவாக்கிலேயே இழுங்கள், மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். இரண்டு நுனிகளும் நடுவில் ஓடும் நீள நூலின் இரு பக்கமும் வருமாறு வைத்து, அதன் மேல் இரட்டை முடிச்சு போட்டு, அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

திறந்த ஓரத்தில் உள்தாள்கள் வெளித்தாள்களைவிடக் கொஞ்சம் துருத்தி நிற்கும். இரும்பு அளவுகோல் வைத்து, புதுப் பிளேடு போட்ட கட்டரால் ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் ஏழெட்டு மென்மையான இழுப்பாக வெட்டுங்கள். கனமான நாலு புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு இருக்கட்டும். பாலித்தீன் பைக்குள் போட்டு மூடாதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் பூஞ்சையாகும். துணிப்பை போதும்.